உன் கொப்பியின் கடைசிக் கேள்வி

உன் மகள் அனுப்பிய கொப்பியைப் பிரித்ததும் தையல் மெசின் எண்ணெய் மணந்தது. உள்ளே ஒல்லாந்து மொழிப் பாடங்கள், உன் கோணல் எழுத்தில்.

டச்பார் கடற்கரையில் இருந்த உன் வீட்டைச் சுனாமியில் கடல் கொண்டுபோன பிறகு, வாவிக் கரையோரம் வாடகை வீட்டில் தைத்துக்கொண்டிருந்தாய். நான் சட்டை தைக்க வரவில்லை. நெதர்லாந்தில் இருந்த கணவரிடம் போய்ச் சேர அந்த நாட்டின் ஒல்லாந்து மொழியில் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும். ஒருமுறை தோற்றுவிட்டேன். ஒல்லாந்துப் பெயர் வைத்திருக்கும், ஐரோப்பியர் வழிவந்த பறங்கிப் பெண் நீ; உனக்கு அந்த மொழி தெரியாமலா இருக்கும் என்று நினைத்தேன்.

"ஓங்கா, வா. புத்தகம் மட்டும் என்னட்ட இருக்கட்டும்" என்று என் பாடப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு சம்மதித்தாய்.

என்னை வதைத்தது 'எர்' என்ற சின்னச் சொல். 'ஒரு வீடு இருக்கிறது' என்றால் முன்னால் வந்து நிற்கும். 'அங்கே' என்றும் பொருள் தரும். எண்ணிச் சொன்னால் நடுவில் புகுந்துகொள்ளும்.

"இதென்ன கா, எல்லாக் கலியாணத்திலயும் வந்து நிக்குது?" என்று எரிந்து விழுந்தேன்.

அன்று, "அத நாளைக்குப் பாப்பம்" என்று தேத்தண்ணி போட எழும்பினாய். மறுநாள் விடை தயாராக இருந்தது. "வசனத்தில முன் கதிரை வெறுமையா இருக்கேலாதாம் கா. ஆள் வருமட்டும் இது இருக்குது."

எத்தனை பிள்ளைகள் என்று பயிற்சிக்குக் கேட்டேன். "இக் ஹெப் எர் டிரீ" என்றாய். 'எனக்கு மூன்று பேர்' என்று அர்த்தம். கடல் கொண்டுபோன நடு மகனையும் சேர்த்துத்தான். நான் திருத்தவில்லை.

நாட்டில் சண்டை முடிந்தது என்று றோட்டில் வெடி கொளுத்திய அன்றும் பாடம் நடந்தது. "கதவச் சாத்து கா" என்றாய். சாத்திவிட்டு வந்து பாடத்தைத் தொடர்ந்தேன். அடுத்த மாதம் நான் பாஸ்.

இப்போது பார்க்கிறேன். கொப்பியில் ஒவ்வொரு பாடத்துக்கும் மேலே திகதி இருக்கிறது. என் பழைய கொப்பியோடு ஒத்துப் பார்த்தால், எனக்குச் சொல்லித் தந்ததற்குச் சரியாக முந்தின நாள். உன் மகளிடம் கேட்டேன்.

"அம்மாவுக்கு ஒல்லாந்து எங்க அன்ரி தெரியும்? வீட்டில நாலு போர்த்துக்கீசச் சொல்லுத்தான். நீங்க அழுதுகொண்டு வந்தீங்களாம், இல்ல எண்டு சொல்ல மனம் வரல்லயாம்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுபடி எரிந்து விழவும் நீ உயிரோடு இல்லை.

கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறாய்: 'மூன்று எண்டாலே விளங்குது. பிறகு எர் ஏன்? நாளைக்கு அவ கேட்டா?' நான் கேட்கவே இல்லை. இத்தனை வருடம் நெதர்லாந்தில் இருந்ததில் எனக்குப் பதில் தெரியும். கீழே எழுதி வைத்தேன். ஏற்கெனவே பேசிய ஆட்களைத் திரும்பப் பெயர் சொல்லாமல் எண்ணும்போது அது வரும்.

இங்கே புதிதாக வரும் நம் பெண்கள் என்னிடம் பாடம் கேட்கிறார்கள். சிலவேளை எனக்கே தெரியாததைக் கேட்பார்கள். "ஓங்கா, வா" என்கிறேன். புத்தகம் மட்டும் என்னிடம் இருக்கட்டும் என்கிறேன்.