பக்கத்து வீட்டு ஸ்னோ

தை மாதம், செவ்வாய் இரவு. ஸ்கீவ, டென்மார்க்.

இண்டைக்கு ஒரு விசர் வேலை பாத்துப்போட்டன்.

காலமை என்ர மனிசி சுமதி வேலைக்குப் போனாப் பிறகு யன்னலடியில நிண்டன். பக்கத்து வீட்டு டெனிஷ் அம்மா இந்த வயசில தனிய ஸ்னோ தள்ளிக்கொண்டு நிண்டா. மனம் கேக்கேல்லை. போய் அவவின்ர கையில இருந்த சவளை வாங்கித் தள்ளிக் குடுத்தன். இந்த நாட்டுக்கு வந்து முதல்தரமா உடம்பு வேர்த்தது அப்பதான். சந்தோஷமாவும் இருந்தது.

நிமிர்ந்து பாத்தால், அவ ஃபோனால என்னைப் படம் எடுக்கிறா.

விசா ஞாபகம் வந்தது. விசிட் விசாவை நீடிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறம். சுமதி என்னைக் கூப்பிடப் போட்ட ஸ்பொன்சருக்கு இன்னும் முடிவு வரேல்லை. அதுவரைக்கும் நான் வேலை செய்யக் கூடாது. சவளும் கையுமாப் படம்! முகத்தைப் பொத்திக்கொண்டு, "நோ, நோ" எண்டு கத்தி, சவளைப் போட்டுட்டு ஓடிவந்து கதவைப் பூட்டினன். அவ பெல் அடிச்சா. திறக்கேல்லை.

பின்னேரம் சுமதி வந்ததும் சொன்னன்.

"உங்களுக்கென்ன விசரே? அயலட்டைக்கு உதவி செய்யிறது வேலையே?" எண்டு பேசிப்போட்டு, அங்க போய்க் கதைச்சிட்டு வந்தாள்.

"தூரத்தில இருக்கிற மகளுக்கு அனுப்பத்தானாம் எடுத்தவ. 'பயப்பிடாத, பக்கத்து வீட்டில எனக்கு ஆள் இருக்கு' எண்டு சொல்ல."

இந்த ஊரில என்னை விசிட்டர் எண்டு நினையாத ஒரே மனிசி. அவவின்ர முகத்திலதான் கதவைச் சாத்தினனான்.

சுமதி நித்திரை. திரும்பவும் ஸ்னோ கொட்டுது. சவள் நான் போட்ட இடத்திலயே கிடக்கு. விடிய அவ எழும்ப முன்னம் போய் ஸ்னோ தள்ளவேணும். பயமாத்தான் இருக்கு. இன்னொருக்காப் படம் எடுத்தா எண்டால் முகத்தைக் காட்டவேணும்.