கறுப்புக்கு வெளியே ஒரு மனை

அன்பு மாறாத என் வசந்தா அக்கா,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. சிகந்திராபாத்தில் நம் தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் மலர் போடுகிறார்கள், உனக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். தம்பி என்ற முறையில் நான் எழுத வேண்டுமாம். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: விண்வெளி ஆராய்ச்சியால் மண்ணில் வாழ்கிறவனுக்கு என்ன லாபம்? இதையே கேட்டு நான் எத்தனை தடவை உன் வாயைக் கிண்டியிருக்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் உனக்கு நடந்த இரங்கல் கூட்டத்திலும் இதைத்தான் பேசினார்கள். செயற்கைக்கோள் எடுத்த படத்தில் பாறை வெடித்திருக்கும் கோட்டைக் கண்டுபிடித்து, இங்கே தோண்டுங்கள் என்று நீ காட்டிய இடத்தில் மகபூப்நகர் பக்கம் ஒரு ஊருக்கே தண்ணீர் வந்ததாம். உன்னிடம் படித்த பெண் ஒருத்தி அதைத் தெலுங்கில் சொல்லி அழுதாள். முன்வரிசையில் உட்கார்ந்து நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உன் படிப்பால் அதிகம் ஆதாயம் அடைந்தவன் நான்தான் என்று எழுந்து சொல்லத் துணிச்சல் வரவில்லை.

ரயில்வே ஒர்க்‌ஷாப்காரர்கள் சேர்ந்து சொசைட்டி ஆரம்பித்து, மல்காஜ்கிரி தாண்டி மனை வாங்கப் புறப்பட்ட கதை உனக்குத் தெரியும். இதைப் படிக்கிறவர்களில் பலருக்குத் தெரியாது. நான்தான் செயலாளர். உறுப்பினர்களில் பாதிப்பேர் பெரம்பூரிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள், நானும் கடைத்தெருத் தெலுங்கோடு நின்றவன். இரண்டு இடம் காட்டினார்கள். ஒன்றின் பெயர் ‘குட்ட’ என்று முடியும், மற்றது ‘குண்ட்ட’ என்று முடியும். பேரிலேயே குட்டை இருக்கிறது, தண்ணீர் தேங்கும் என்று முதலாவதைத் தள்ளிவிட்டோம். குண்ட்ட என்றால் குன்று மாதிரி ஏதோ மேட்டு நிலம் என்று நினைத்துக்கொண்டோம். தெலுங்கில் குட்டதான் மேடு, குண்ட்டதான் குளம். நாங்கள் மே மாதத்தில் போய்ப் பார்த்தபோது அங்கே மாடு மேய்ந்துகொண்டிருந்தது.

பத்திரம் எழுத நாள் குறித்த பிறகு நீ கமிட்டிக்கு வந்தாய். ஐப்பசியில் மேலே இருந்து எடுத்த படத்தை மேசையில் விரித்தாய். இதில் பயிர் சிவப்பாகத் தெரியும், தண்ணீர் கறுப்பாகத் தெரியும் என்று பொறுமையாகச் சொன்னாய். நாங்கள் வாங்கப்போகும் இடத்தில் கறுப்பாக ஒரு சின்னக் கறை. அது எதுவரை பரவும் என்று நேரில் போய் அளந்து, சர்வே வரைபடத்தில் பென்சிலால் கோடும் இழுத்திருந்தாய். தலைவர், “நக்கோ மேடம், அதெல்லாம் வேணாம், நாங்க கால் வச்சு நடந்தே பாத்துட்டோம்” என்று சிரித்தார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அப்போது நான் சொன்னது உனக்கு மறந்திருக்காது.

“நீ ஆகாசத்தைப் பாத்துக்க அக்கா. மண்ணை நாங்க பாத்துக்கறோம்.”

கை தட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நீ வரைபடத்தை அப்படியே மேசையில் விட்டுவிட்டுப் போனாய்.

அதற்குப் பிறகு நடந்ததை யாரிடமும் சொன்னதில்லை. நிலத்தை வாங்கி, யாருக்கு எந்த மனை என்று குலுக்கல் போட்டு முடித்த அன்று அந்த வரைபடத்தை வீட்டுக்கு எடுத்து வந்தேன். மனைப் பிரிவுத் தாளை அதன் மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். எனக்கு விழுந்த மனை கறுப்புக்கு நட்டநடுவில் இருந்தது. உன் கோட்டுக்கு வெளியே, மேட்டில் இருந்த மூலை மனை ஃபிட்டர் பெருமாளுக்கு விழுந்திருந்தது. மறுநாளே கேன்டீனில் அவரைப் பிடித்தேன். மூலை ஒதுக்குப்புறம், நைட் ஷிப்டு போகிறவர் வீடு நடுவில் இருந்தால்தான் அக்கம்பக்கம் துணை என்று பேசி மாற்றிக்கொண்டேன். அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து நன்றி சொன்னார்.

உன்னை நான் நம்பாமல் இல்லை அக்கா. கமிட்டியில் சிரித்தேன், வீட்டில் நம்பினேன். அதுதான் அசிங்கம். அன்றைக்கே கூட்டத்தைக் கூட்டி, நாம் ஏமாந்துவிட்டோம் என்று சொல்லியிருக்கலாம். செயலாளருக்குத் தலைகுனிவு ஆகிவிடுமே.

கிரகப்பிரவேசத்துக்கு வந்த நீ மாடியில் நின்று நாலு பக்கமும் பார்த்தாய்.

“குலுக்கல்லயே இந்த மூலை வந்துச்சாடா?”

ஆமாம் என்றேன். நீ மறுபடி கேட்கவில்லை. இலையில் உட்கார்ந்து சாப்பிட்டாய், குழந்தைகளைக் கொஞ்சினாய், போனாய். அந்த வீட்டுக்கு அப்புறம் வரவே இல்லை. ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில்கூட அம்மாவின் மாத்திரையைப் பற்றித்தான் பேசினாய். உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்தேதான் விட்டுவிட்டாயா? நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டு எப்படியோ மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

இந்த வருஷம் மழை மூன்று நாள் விடவில்லை. குளம் தன் இடத்துக்கு வந்துவிட்டது. நடுவில் இருந்த வீடுகளில் ஜன்னல் வரைக்கும் தண்ணீர். பெருமாள் வீட்டுப் பின்சுவர் இடிந்து விழுந்து அவர் மனைவி செல்விக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. இனி பழையபடி நடப்பது சந்தேகம் என்கிறார் டாக்டர். இப்போது அவர்கள் குடும்பத்தோடு என் வீட்டுக் கூடத்தில்தான் இருக்கிறார்கள். நேற்று நான் கஞ்சி கொண்டுபோய் வைத்தபோது செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க வீடு மட்டும் நனையல பாருங்கண்ணா. எல்லாம் உங்க அக்கா செஞ்ச புண்ணியம்” என்றாள். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

தலைப்புக்குப் பதில் கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். உன் ஆராய்ச்சி ஒரு காலனியையே காப்பாற்ற வாசல் வரை வந்தது. ஒருவன் அதை மடித்துத் தன் அலமாரியில் வைத்துக்கொண்டான்.

மலர் அச்சாகி வரும்வரை காத்திருக்கப் போவதில்லை. இன்று சாயங்காலம் பெருமாள் வேலை விட்டு வந்ததும், செல்வியும் கேட்க, இதை வரி விடாமல் படித்துக் காட்டுவேன். இந்த வீடு உங்களுடையது, நாங்கள் வெளியேறுகிறோம் என்று சொல்வேன். பெருமாள் நல்ல மனுஷர், மன்னித்துத் தொலைத்துவிடுவாரோ என்றுதான் பயமாக இருக்கிறது. மன்னித்தாலும் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. என் வாக்கை நீ நம்ப வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

பெருமாளின் மனையில் வீடு கட்டிக்கொண்ட
உன் தம்பி