பழைய நகரத்துச் சுருள்படி

எடின்பரோ,
29 நவம்பர் 1936, ஞாயிறு.

அன்புள்ள சீவரத்தினம் அத்தான் அவர்களுக்கு,

கனகாம்பிகை வணக்கத்துடன் எழுதுவது. ஒரு சளித் தடிமனைத் தவிர எனக்கு இங்கே வேறு குறையில்லை. உங்களுக்கும் மாமிக்கும், எல்லோருக்கும் மேலாக அருந்ததி அக்காவுக்கும், உடம்பில் ஒரு வாட்டமும் வராதிருக்க நல்லூர்க் கந்தனை நாள்தோறும் வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் போன கிழமை கிடைத்தது. என் வைத்தியப் படிப்பைப் பற்றி ஒரு வரியும் இந்த நகரத்தைப் பற்றி இரண்டு பக்கமும் கேட்டிருக்கிறீர்கள். பூகோள பாடத்தில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே முதலில் உங்கள் வகுப்புக்கு எழுதுகிறேன்.

புத்தூர்ப் பிள்ளைகள் மலையைக் கண்டதில்லை. கீரிமலைக்கும் பெயரில்தான் மலை இருக்கிறது. இங்கேயோ ஊருக்கு நடுவே ஒரு கரிய பாறை நிலத்தைப் பிளந்துகொண்டு எழுந்து நிற்கிறது. அதன் உச்சியில் கோட்டை. பாறை எங்கே முடிந்து சுவர் எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பிரிக்க முடியாது. யாழ்ப்பாணக் கோட்டையை நாம் நடந்துபோகிற போக்கில் பார்த்துவிடுகிறோம். இதைக் கழுத்து நோக அண்ணாந்து பார்க்க வேண்டும். மத்தியானம் ஒரு மணிக்கு அங்கிருந்து ஒரு பீரங்கி வெடிக்கிறது. முதல் நாள் நான் பயந்து தெருவிலேயே குந்திவிட்டேன். பக்கத்தில் நின்ற மனிதர் தம் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டு பேசாமல் போனார்.

கோட்டை வாசலில் தொடங்கும் தெரு ஒரு மைல் தூரம் சரிந்து அரண்மனையில் போய் முடிகிறது. இதுதான் பழைய நகரம். தெருவின் இருபுறமும் ஒழுங்கைகள் பிரிகின்றன. நம் ஒழுங்கைகளுக்கு ஓலை வேலி என்றால் இவற்றுக்கு ஆறு, ஏழு மாடிக் கல்வீடுகள். நடுவில் நின்று மேலே பார்த்தால் வானம் ஒரு நாடா அகலம்தான். மழை பெய்தால் கல்லெல்லாம் கறுத்து மினுங்கும். ஒரு வீட்டின் கதவு நிலையில் 1619 என்று வெட்டியிருந்தது. அது நம் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயரிடம் போன வருஷம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த எண்ணைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். உள்ளே யாரோ கஞ்சி காய்ச்சும் மணம் வந்தது. அந்த வீட்டில் இன்னமும் ஆட்கள் இருக்கிறார்கள், அத்தான்!

இன்னொன்றையும் பிள்ளைகளுக்கு வாசியுங்கள். ஊரில் வெள்ளைக்காரர் என்றால் நமக்கு அரசாங்கக் கச்சேரித் துரையும் பாதிரியாரும்தான். இந்த ஒழுங்கைகளில் குளிரில் காலில் சப்பாத்தில்லாமல் ஓடும் வெள்ளைப் பிள்ளைகளைக் கண்டேன். படிக்கட்டு ஒன்றுக்கு ஒரே தண்ணீர்க் குழாய். பெண்கள் வாளியோடு வரிசையில் நிற்கிறார்கள். நம் கிணற்றடியில் போலவே சண்டையும் பிடிக்கிறார்கள். நான் வாய் பிளந்து நின்றதைக் கண்டு ஒருத்தி சிரித்தாள்.

இத்தோடு வகுப்பில் நிறுத்திவிடுங்கள். இனி வருவது உங்களுக்கு.

இங்கே மேற்படிப்புக்கு வரும் வைத்தியர்களைப் பிரசவம் பார்க்க வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். போன செவ்வாய்க்கிழமை காலை மிஸ் மக்ரே என்ற மருத்துவிச்சியோடு அந்த ஒழுங்கைகளில் ஒன்றுக்குப் போனேன். ஐந்தாம் மாடி. கல்லாலான சுருள்படி. சன்னல் இல்லாததால் பகலிலும் இருட்டு. நூற்றுக்கணக்கான வருஷங்கள் மிதிபட்டு ஒவ்வொரு படியும் நடுவில் குழிந்திருந்தது.

நிலக்கரி சுமக்கும் ஒருவனுடைய மனைவிக்கு அது முதற் பிரசவம். பெயர் ஜீன், வயது இருபத்து மூன்று. முதல் நாள் காலையிலிருந்து வலி. கதவைத் திறந்த மாமியார் என் முகத்தைக் கண்டதும் வாசலை மறித்துக்கொண்டாள். இவர்தான் டாக்டர் என்று சொல்லிவிட்டு மிஸ் மக்ரே அவளுடைய கைக்குக் கீழால் புகுந்து உள்ளே போனார். நானும் அப்படியே புகுந்தேன்.

பிள்ளை குறுக்கே கிடந்தது. உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் இரண்டு உயிரும் தங்காது என்றேன். கிழவி மறுத்துவிட்டாள். அவள் சொன்னதை நம் பேச்சில் எழுதினால் இப்படித்தான் வரும்: “நான் இந்தக் கட்டிலிலை ஒன்பது பெத்தனான். என்னை ஒருத்தரும் தூக்கிக்கொண்டு போகேல்லை.” ஒன்பதில் எத்தனை இருக்கிறது என்று மிஸ் மக்ரே மெதுவாகக் கேட்டார். கிழவி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, நாலு என்றாள்.

அதுவரை வாசலுக்கு வெளியே, முகமெல்லாம் கரியாக, புருஷன் நின்றிருந்தான். இப்போது உள்ளே வந்தான். “நீ பெத்தது எனக்குத் தெரியும், அம்மா. இவள் சாகிறதைப் பாத்துக்கொண்டு நிற்க என்னாலை ஏலாது” என்றான். குரலை உயர்த்தக்கூட இல்லை.

சுருள்படியில் தூக்குக் கட்டில் திரும்பாது. ஆகவே குசினியில் கிடந்த, முதுகு சாயும் கதிரை ஒன்றில் ஜீனை இருத்தி, சால்வையால் சேர்த்துக் கட்டினோம். புருஷனும் அயல்வீட்டு ஆண்கள் மூவரும் தூக்கினார்கள். அந்த மூவரில் ஒருவன் இரண்டு வருஷமாக அவனோடு முகம் கொடுத்துக் கதையாதவன் என்று பிறகு அறிந்தேன்.

அந்த நேரம் கிழவி மெழுகுதிரியோடு முன்னால் வந்தாள். மறிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவளோ மருமகளின் முகத்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக இறங்கத் தொடங்கினாள். “இது உடைஞ்ச படி, காலைச் சுவரோடை வை.” “இதிலை ஈரம், வழுக்கும்.” “இந்தத் திருப்பத்திலை அவளின்ரை முழங்கை இடிபடும், பாத்து.” நாற்பது வருஷம் தண்ணீர் வாளியோடு ஏறி இறங்கியவள் அவள். ஒவ்வொரு கல்லையும் அறிந்திருந்தாள். மாடிக்கு மாடி கதவுகள் திறந்தன. பெண்கள் விளக்குகளை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஒரு குழந்தையும் அழவில்லை. பெரிய கோயிலொன்றில் சுவாமி வெளிவீதிக்கு வரும்போது சனம் அடங்கி நிற்குமே, அப்படி ஓர் அமைதி. முந்நூறு வருஷத்துக் கல் எல்லாம் அந்த ஒருத்தியை இறக்கிவிடுவதற்காகவே அடுக்கியது போல் இருந்தது.

ஆசுபத்திரியில் பெரிய டாக்டர் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார். நானும் பக்கத்தில் நின்றேன். பெண் பிள்ளை. தாயும் பிழைத்தாள்.

வெள்ளிக்கிழமை கிழவியைப் பார்த்துச் சுகம் சொல்லப் போனேன். இம்முறை கதவை அகலத் திறந்து, என்னை இருத்தித் தேநீர் தந்தாள். என் ஊரைப் பற்றி விசாரித்தாள். எனக்கு ஓர் அக்கா இருக்கிறா, இரண்டு பிள்ளைகளை இழந்தவ, இப்போது மறுபடியும் வயிற்றில் என்றேன். அக்காவின் வீட்டில் எத்தனை படி என்று கேட்டாள். ஒன்றுமில்லை, எங்கள் ஊர் முழுவதும் சமதரை, வாசலுக்கே வண்டி வரும் என்றேன். “அப்ப என்னத்துக்கு யோசிக்கிறியள்?” என்றாள்.

அந்தக் கேள்வியை உங்களிடமே கேட்கிறேன், அத்தான். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றி நான் இதுவரை உங்களுக்கு ஒரு வரியும் எழுதியதில்லை. இரண்டு தடவையும் மூன்று நாள் வலி. “உதெல்லாம் வீடு வளவுக்குள்ளை நடக்கிற காரியம்” என்று மாமி சொன்னா. நீங்கள் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இரண்டாம் முறை நானும் அங்கே நின்றேன். அப்போது வைத்தியம் படித்துக்கொண்டிருந்தும் சபைக்கு அஞ்சி வாய் திறக்கவில்லை. அக்காவின் இடுப்பெலும்பு ஒடுக்கம். அதுதான் காரணம். அது தலைவிதி அல்ல. கீறி எடுத்தால் பிள்ளை அழும். வைத்தியராக இதை எழுதுகிறேன். மைத்துனி எழுதக்கூடாததை எழுதிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிதம் மார்கழியில் உங்கள் கைக்கு வந்துவிடும். அக்காவுக்குத் தை கடைசியில் நாள். இணுவில் ஆசுபத்திரிக்குப் புத்தூரிலிருந்து ஐந்தாறு மைல்தான். அங்குள்ள டாக்டர் அம்மாவுக்கு இதே தபாலில் தனியாக எழுதியிருக்கிறேன். வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பொங்கல் கழிந்த மறுநாளே கூட்டிக்கொண்டு போங்கள்.

மாமியை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அவவை அக்காவுக்குப் பக்கத்தில் இருத்துங்கள். பயந்துபோன ஒருத்தியின் கையை எப்படிப் பிடிப்பது என்று எங்களுக்கு இங்கே ஒருவரும் படிப்பிக்கவில்லை. அது மாமிக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை முழுவதும் அவவுக்கு வாசித்துக் காட்டுங்கள். என்னை ஏசுவா. நன்றாக ஏசட்டும். ஏசிக்கொண்டே வண்டியில் ஏறினால் எனக்கு அது போதும்.

இங்ஙனம்,
உங்கள் அன்பு மறவாத மைத்துனி,
கனகாம்பிகை