வடித்த தண்ணீர்

12 ஜனவரி 2015

என் சின்னவளுக்கு,

போன வாரம் போனில் கத்தியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. நமக்கு போன் ஒத்துவரவில்லை. நீ பேசும்போது நானும் பேசுகிறேன், நான் பேசும்போது நீ வாயைத் திறப்பதில்லை. கடிதத்தில் ஒருத்தி முடித்த பிறகுதான் அடுத்தவள் தொடங்க முடியும். அதனால் இனி இப்படியே பேசுவோம்.

அப்பாவின் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். நடுவழியில் நிறுத்த முடியாது என்று தண்ணீரே குடிக்காமல் ஓட்டியவர். சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது என்றால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? பக்கத்தில் இருக்க வேண்டியவள் நான். ஆனால் குடியிருப்பு அனுமதி கைக்கு வராமல் இந்த நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். உனக்குத் தெரியும்.

என்னால் முடிந்தது இந்தப் பதினான்கு தாள்கள். எனக்கு உடம்பு ஊதி, சர்க்கரை ஏறி, மாடிப்படியில் நின்று நின்று மூச்சு வாங்கிய காலத்தில் என்னைத் தூக்கி நிறுத்திய சாப்பாடு இதுதான். பார்லியும் காரட்டும் போட்ட கஞ்சி, உடைத்த கோதுமையோடு பூசணி, கீரையும் பருப்பும், பீன்ஸ் சூப். எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம், சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்: காய் வெந்த தண்ணீரைக் கொட்டாதே. சத்தெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதிலேயே தானியத்தை வேகவை.

அப்பா என்ன சாப்பிட்டார், எவ்வளவு சாப்பிட்டார் என்று எழுது.

உன் அக்கா

3 பிப்ரவரி 2015

அன்புள்ள அக்கா,

தாள்கள் வந்தன. அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு பதினான்கையும் வரிசையாகப் படித்தார். "உங்கக்கா இலையும் தழையுமா அனுப்பியிருக்கா. நான் என்ன ஆடா?" என்றார். பிறகு தாள்களை ஓரம் சேர்த்துத் தட்டி, பஸ் உரிமம் வைத்திருந்த பழைய பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, சமையலறை ஆணியில் மாட்டிவிட்டார். அவருக்குப் பிடித்த பொருளுக்குத்தான் உறை கிடைக்கும்.

ஒரு விஷயம். ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் ஒரு அம்மா இருக்கிறார். உன் தாள்களை அவரிடம் காட்டினேன். மற்றவர்களுக்கு நல்ல சாப்பாடு, இவருக்கு ஆகாது என்கிறார். காய்களில் பொட்டாசியம் இருக்கிறதாம். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாதாம், ரத்தத்தில் ஏறினால் இதயத்துக்கு ஆபத்தாம். காயைச் சின்னதாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்றார். நீ சிவப்பில் எழுதியதற்கு நேர் எதிர். என்ன செய்ய?

எனக்கு அச்சகத்தில் ஓயாத மெய்ப்புத் திருத்தும் வேலை. கண் எரிகிறது. மற்றபடி நலம்.

உன் சின்னவள்

19 பிப்ரவரி 2015

சின்னவளே,

என்ன செய்ய என்று என்னைக் கேட்கிறாயா, அந்த அம்மாவைக் கேட்டு முடித்துவிட்டு எனக்குத் தகவல் சொல்கிறாயா?

ஒரு நாளைக்கு அறுபது பேரைப் பார்க்கிறவள் அச்சடித்த தாளைத்தான் வாசிப்பாள். நான் என் உடம்பில் சோதித்துப் பார்த்துச் சொல்கிறேன். சத்தைக் கொட்டிவிட்டுச் சக்கையைக் கொடுக்கச் சொல்வது வைத்தியமா?

இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு நீ கூட்டிப்போகிறாய், மாத்திரை நீ கொடுக்கிறாய், முதுகு நீ தேய்க்கிறாய். எனக்கென்று அந்த வீட்டில் ஒரு வேலையும் மிச்சமில்லை. அவர் தட்டில் என்ன விழுகிறது என்பதையாவது எனக்கு விட்டுக்கொடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா

8 மார்ச் 2015

அன்புள்ள அக்கா,

சரி. நீ சொன்னபடியே செய்கிறேன். நேற்று பார்லிக் கஞ்சி. ஒரு கிண்ணம் முழுதும் சாப்பிட்டார். தண்ணீரைக் கொட்டவில்லை.

சின்னவள்

22 மே 2016

என் சின்னவளுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒரு வருடத்துக்கு மேலாக அப்பாவின் ரத்தப் பரிசோதனை ஒரே நிலையில் இருக்கிறது, டயாலிசிஸ் இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். நான் சொன்னேன் இல்லையா? சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைக்காதே. கொஞ்சம் சொல்லிக்காட்டத்தான் செய்கிறேன்.

இங்கே ஒரு கூத்து. எங்கள் பல் மருத்துவமனைக்கு வருவது பெரும்பாலும் தமிழர்கள்தான். காத்திருக்கிறவர்களிடம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து பேச்சுக்கொடுப்பதுதான் என் பாதி வேலை. அப்பா கதையைச் சொல்லப்போய், எல்லாரும் தாள் கேட்கிறார்கள். நகல் எடுத்து எடுத்து இயந்திரம் சூடாகிவிட்டது. பல் வலியோடு வந்தவர் கஞ்சிக் குறிப்போடு போகிறார். டாக்டர் முறைக்கிறார்.

உனக்குச் சொல்லாத ஒன்று. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், உங்கள் மதிய வேளையைக் கணக்குப் பண்ணி, நீ அங்கே என்ன சமைப்பாயோ அதையே இங்கே சமைத்துச் சாப்பிடுகிறேன். எனக்கு அது காலை எட்டு மணி. எதிரே அப்பாவும் நீயும் இருப்பதாக வைத்துக்கொள்வேன். சிரிக்காதே.

உன் அக்கா

14 மார்ச் 2018

அக்கா,

நேற்று போனில் நாம் இருவரும் அழுததில் எதுவும் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். ஒரு கால் கட்டி முடித்திருந்தார். இன்னொன்றுக்குக் குனிந்தவர் நிமிரவில்லை. இதயம் என்றார் டாக்டர். இந்த வயதில் வருவதுதான் என்றார். வலித்திருக்காது என்றும் சொன்னார். எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வார்களோ என்னவோ.

கடைசியாகச் சாப்பிட்டது முந்தைய நாள் பீன்ஸ் சூப். நீ கேட்பாய் என்று எழுதுகிறேன்.

சின்னவள்

2 அக்டோபர் 2018

என் சின்னவளுக்கு,

ஏழு மாதம் ஆகிவிட்டது. அனுமதிப் பத்திரம் போன வாரம் வந்தது. உறையைப் பிரிக்காமலே இரண்டு நாள் வைத்திருந்தேன்.

அழ வைப்பதற்காக எழுதவில்லை. நல்ல செய்தி ஒன்று. பல் பிடுங்க வந்த ஒரு தமிழ்ப் பதிப்பாளர், கன்னத்தில் பஞ்சோடு என் தாள்களைப் படித்துவிட்டு, புத்தகமாகப் போடலாம் என்கிறார். வீட்டில் செய்கிற காய், தானியச் சாப்பாடு. முதல் அத்தியாயம் அப்பா. நான் சொன்ன சாப்பாட்டால் மூன்று வருடம் எப்படி நின்றார் என்பது. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கும் உகந்தது என்று அட்டையில் போட்டால் நன்றாக விற்கும் என்கிறார். முன்பக்கத்தில் 'தூரத்திலிருந்து என் கையால் சாப்பிட்ட அப்பாவுக்கு' என்று எழுதியிருக்கிறேன். அதை எழுதிய அன்றுதான், அவர் போன பிறகு முதல்முறையாக, நிம்மதியாகத் தூங்கினேன்.

மெய்ப்புத் தாள்கள் இத்துடன். உன்னைவிட நல்ல கண் யாருக்கு? நிதானமாகப் பார்த்து அனுப்பு.

உன் அக்கா

30 அக்டோபர் 2018

அன்புள்ள அக்கா,

திருத்திய தாள்கள் இத்துடன். அறுபத்து மூன்று இடங்களில் கை வைத்திருக்கிறேன். முதல் அத்தியாயத்தில் ஒன்றுகூட இல்லை. ஆசிரியர் என்ன சொல்கிறார் என்பதில் மெய்ப்பு பார்ப்பவள் தலையிடக் கூடாது. பதினாறு நாள் அந்தச் சட்டத்தின் பின்னால் ஒளிந்திருந்தேன். இனி முடியாது.

அப்பாவுக்கு நீ சொன்னபடி சமைத்தது மொத்தம் பதினொரு நாள். தண்ணீரைக் கொட்டவில்லை என்று நான் எழுதியது பொய் இல்லை, அந்தப் பதினொரு நாளுக்கு. பன்னிரண்டாம் நாள் அவர் கால் துவண்டு, நெஞ்சு படபடத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். பொட்டாசியம் ஏறியிருந்தது. இரண்டு நாள் இதயத்துடிப்பைப் பார்க்கும் இயந்திரத்தோடு வைத்திருந்தார்கள். அந்த உணவு ஆலோசகர் அம்மா என்னிடம் ஒரு வார்த்தைதான் கேட்டார்: "கொட்டினீங்களா?"

அதற்குப் பிறகு மூன்று வருடமும் கொட்டினேன். கீரையை நிறுத்தினேன், உடைத்த கோதுமைக்குப் பதில் வெள்ளை அரிசி. உனக்கு எழுதியது மட்டும் உன் தாளில் இருந்தது. சொல்லலாம் என்றுதான் அன்று பேனாவை எடுத்தேன். அப்பா தடுத்தார். "அவ அங்க ஒத்தையா கெடக்கா. இத எழுதுனா உடைஞ்சு போயிருவா. சாப்பிட்டேன்னு எழுது, போதும்" என்றார். அவர் சொன்னதால் மறைத்தேன் என்று சொன்னால் அதுவும் பாதிப் பொய். உன்னோடு சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. பொய் சொல்வது சுலபமாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விட்டால் பாதி சொன்னதாகிவிடும். தினமும் சிங்க்கில் நான் காயை வடிக்கும்போது, அப்பா நாற்காலியில் இருந்தபடியே, "போறா பாரு பெரியவ" என்பார். பஸ் கிளம்பும்போது கையசைப்பதுபோலக் கையும் அசைப்பார். நான் சிரிப்பேன். அந்த வீட்டில் அவ்வளவுதான் சிரிப்பு இருந்தது, அக்கா.

உன் கடிதங்களை நேற்று எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்று. எல்லாவற்றிலும் அப்பா என்ன சாப்பிட்டார் என்று கேட்டிருக்கிறாய். ஒன்றில்கூட நீ சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்கவில்லை. இதை எழுதியிருக்கக் கூடாது. ஆனால் இந்த வரியை அடிக்கப்போவதில்லை.

முதல் அத்தியாயத்தை எடுத்துவிடு. அட்டையில் அந்த வரி வேண்டாம். நம் அப்பாவைப் போல ஒருவர் அதை வாங்கிப் படித்துவிட்டால், அவர் வீட்டில் கொட்டுவதற்கு ஆள் இருக்காது.

உன் சின்னவள்

21 நவம்பர் 2018

உன் கடிதம் வந்தது.

நம்பாமல், இங்கே ஒரு சிறுநீரக மருத்துவரைப் போய்ப் பார்த்தேன். நீ சொன்னதைத்தான் அவரும் சொன்னார். பதிப்பாளரிடம் பேசிவிட்டேன். முதல் அத்தியாயம் இல்லை, அட்டையில் அந்த வரியும் இல்லை. எச்சரிக்கை ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீ கவலைப்பட வேண்டாம். நீ செய்தது சரி. வடித்ததும் சரி, இப்போது சொன்னதும் சரி.

நீ சாப்பிட்டாயா என்று நான் கேட்கவில்லை என்பதும் உண்மை. நாற்பத்தொன்றையும் நீ வைத்திருக்கிறாய், நான் மறுக்க முடியாது.

அந்தப் பதினொரு நாளை அப்போதே சொல்லியிருந்தால் நான் உடைந்திருப்பேன். பிறகு எழுந்து, வேறு ஏதாவது வழியில் உங்களோடு இருந்திருப்பேன். எழுந்திருக்கமாட்டேன் என்று நீங்கள் இருவருமாக முடிவு செய்துவிட்டீர்கள்.

தண்ணீரைக் கொட்டியதை நான் மன்னித்தாயிற்று. மன்னிக்க அதில் எதுவும் இல்லை. கை அசைத்ததுதான். அப்பா அதை எந்தக் குரலில் சொல்லியிருப்பார் என்று எனக்குக் கேட்கிறது. நீ எப்படிச் சிரித்திருப்பாய் என்றும் தெரியும், மூக்கால். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் இங்கே இரண்டு காலி நாற்காலிகளுக்கு எதிரே உட்கார்ந்து கஞ்சி குடித்தபோது, அங்கே உங்களுக்கு நான் சிங்க்கில் போய்க்கொண்டிருந்தேன்.

இனி எழுத வேண்டாம். எழுதினாலும் அதில் எந்த வரி எனக்காகச் சமைத்தது என்று எனக்குத் தெரியப்போவதில்லை.

9 ஜூன் 2019

அன்புள்ள அக்கா,

எழுத வேண்டாம் என்றாய். ஆறு மாதம் எழுதவில்லை.

உன் புத்தகத்தைக் கடையில் பார்த்தேன், வாங்கினேன். அழகாக வந்திருக்கிறது. எச்சரிக்கையை நான்காம் பக்கத்தில், கட்டம் கட்டி, தெளிவாகப் போட்டிருக்கிறாய். காணிக்கைப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. நன்றிப் பட்டியலில் பல் டாக்டர் முதல் நகல் இயந்திரம் பழுது பார்க்க வருகிறவர்வரை எல்லாரும் இருக்கிறார்கள். என் அறுபத்து மூன்று திருத்தங்களும் அப்படியே ஏற்கப்பட்டிருக்கின்றன.

மூன்று முறை படித்தேன். உனக்கு எழுத ஒரு காரணம் கிடைக்காதா என்றுதான் படித்தேன். மூன்றாம் முறை கிடைத்தது. நாற்பத்தொன்றாம் பக்கம், பார்லிக் கஞ்சி. ஒரு கப் பார்லிக்குத் தண்ணீர் ஒரு கப் என்று இருக்கிறது. நான்கு என்று இருக்க வேண்டும். நீ அனுப்பிய பழைய தாளில் நான்கு என்றுதான் இருக்கிறது. இன்னும் அதே உறையில், அதே ஆணியில் தொங்குகிறது. மெய்ப்பில் நான் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். என் தவறு. அடுத்த பதிப்பில் திருத்தச் சொல்.

நிச்சயப்படுத்திக்கொள்ள, ஞாயிற்றுக்கிழமை மதியம் புத்தகத்தில் உள்ளபடியே செய்து பார்த்தேன். காய் வெந்த தண்ணீரைக் கொட்டவில்லை. எனக்கு ஒருத்திக்குத்தானே.

அடிப்பிடித்துவிட்டது.

சின்னவள்