குமிழைக் கடைசிவரை திருப்பினால்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவின் வால்வு ரேடியோவுக்கு முதுகில் இரண்டு சின்னத் துளைகள் இருக்கின்றன. இத்தனை வருடம் தூசி தட்டியும் இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. முன்னால் அலைவரிசை மாற்றும் பாண்டுக் குமிழைக் கடைசிவரை திருப்பினால் வரும் இடத்தில் இசைத்தட்டுப் படம் போட்டிருக்குமே, அதற்கான துளைகள். அந்தக் காலத்தில் கிராமபோனை அங்கே செருகி, ரேடியோ வழியாகவே பாட்டுக் கேட்பார்களாம். நம் வீட்டில் கிராமபோன் ஏது? யாரும் அதுவரை திருப்பியதே இல்லை.

நீ எஃப்.எம். வேலைக்குக் கிளம்பிய அன்று அப்பா தையல் மெஷினை நிறுத்தாமலே சொன்னாரே, "வாயாடறதெல்லாம் ஒரு வேலையா? என் ரேடியோல உன் குரல் வரட்டும், அப்போ ஒத்துக்கறேன்" என்று. அதில் எஃப்.எம். எடுக்காது என்ற தைரியம் அவருக்கு.

கிராமபோன் போன வழியில் ஒரு எஃப்.எம். போர்டு போகாதா? படிப்பை விட்டு ரிப்பேர் கடைக்கு வந்ததில் இந்த யோசனையாவது மிச்சம். போனில் கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுது, செய்யட்டுமா?

உன் ஊமைக்கோட்டான்

மார்ச் 9

அடி ஊமைக்கோட்டானே,

செய்டி! ஆனால் அப்பாவைக் கேட்டுவிட்டுச் செய். அந்தப் பெட்டிதான் அவருக்கு மூத்த பிள்ளை, நாமெல்லாம் அதற்கப்புறம். ஊருக்கே காலை வணக்கம் சொல்கிறேன். சொந்த வீட்டுக்கு மட்டும் எட்டவில்லை. இங்கே ஒரு சுவரைப் பார்த்துப் பேசுகிற வேலை. உன்னோடு வளர்ந்ததால் எனக்கு அது பழக்கம்தான்.

வாயாடி அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்டேன். "மரத்துல ஒரு ஓட்டை விழுந்துச்சு, உன்னைத் தைச்சு ஆணியில மாட்டிடுவேன்" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஓட்டை போடவில்லை. போர்டை உள்ளே, வால்வுச் சூடு படாத மூலையில் வைத்தேன். தனிக் குமிழ் வைக்க இடமில்லாததால் உன் நிலையத்திலேயே நிறுத்திவிட்டேன்.

நேற்று உன் குரல் வந்ததும் அப்பா கேட்டார்: "வேற ஸ்டேஷன் வராதா?"

"வராதுப்பா."

"வாயே திறக்காம என்ன வேலை பண்ணியிருக்கே பாரு."

அப்புறம் மெஷின் ஓடவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இருந்தார். "மூச்சு விடாமப் பேசறாளே, தண்ணி கிண்ணி குடிப்பாளா?" என்று மட்டும் கேட்டார்.

வால்வு சூடேறக் கொஞ்ச நேரம் ஆகும் இல்லையா, நேற்று உன் வணக்கம் போய்விட்டது. இன்று உன் நேரத்துக்கு முன்பே அவரே ரேடியோவைப் போட்டு, குமிழைக் கடைசிவரை திருப்பி வைத்து உட்கார்ந்திருந்தார். பாதியில் ஒருவர் தைக்கக் கொடுத்த சட்டையை வாங்க வந்து ஏதோ பேச ஆரம்பித்தார். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"கொஞ்சம் உக்காருங்க. பெரியவ வேலையில இருக்கா."

கழற்றச் சொல்வாரோ என்று பின்மூடியைச் சும்மா சாத்தித்தான் வைத்திருந்தேன். நீ பேசி முடித்ததும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்து நான்கு திருகுகளையும் இறுக்கினேன்.

உன் ஊமைக்கோட்டான்