குறிமுள் சாய்ந்த பக்கம்

நவம்பர் 9, திங்கள். சித்தூர்.

விடியலிலிருந்து தூறல். கடைக்குள் இரும்பெல்லாம் வேர்க்கிறது. இரண்டு வேட்டைத் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டு முடித்தேன்.

பதினோரு மணிக்கு ஒரு கார். திருப்பதி துப்பாக்கி கிளப் செயலாளர். தன் கைத்துப்பாக்கியை மேசைமேல் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்கு. போட்டார்.

"போன மாசம் நீ ரிப்பேர் பண்ண லட்சணத்தப் பாரு. முன்னாடி முள்ளு ஆடுது. நேத்து குண்டு தப்பிப் போயி முனிரத்தினம் தோள்ல பட்டுச்சி."

முனிரத்தினம் அந்த கிளப்பில் இலக்குப் பலகைக்குக் காகிதம் ஒட்டுகிறவர். சாதுவான மனிதர். எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். எலும்பில் படவில்லையாம்.

ஆனால் நான் எங்கே ரிப்பேர் செய்தேன்? போன மாசம் கொண்டுவந்தபோது, குறி பார்க்கக் குழல் முனையில் நிற்கும் குறிமுள் ஆடியது. அது உட்காரும் காடி என்ற பள்ளம் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. அரத்தால் ராவிப் புது முள் செய்ய வேண்டும், ஒரு வாரம் ஆகும் என்றேன். ஞாயிறு போட்டி என்று அப்படியே எடுத்துப் போய்விட்டார். ரிஜிஸ்டரில் 'வேலை செய்யாமல் திருப்பியது' என்று எழுதினேன். அவர் கையெழுத்து வாங்கவில்லை. பெரிய மனிதராயிற்றே என்று விட்டேன். என் புத்தி.

ஒரு காகிதம் நீட்டினார். பிழை என்னுடையது என்று டைப் அடித்தே கொண்டுவந்திருக்கிறார். கையெழுத்து போட முடியாது என்றேன்.

"அடுத்த மாசம் உன் லைசென்சு ரென்யூவல், தெலுசா? உங்க திருத்தணி எப்படியும் மெட்ராசுக்குப் போகுது. நீயும் அங்கயே போயி கடை வெச்சிக்கோ."

பிறந்தது திருத்தணி என்றாலும் பதினான்கு வருஷமாக இந்தத் தெருவில் கடை. யாரோ எங்கோ மாநில எல்லைக் கோடு கிழித்தால் நான் அந்நியனா?

துப்பாக்கியை என்னிடமே விட்டுப் போனார். சனிக்குள் சரிசெய்ய வேண்டுமாம். என்மேல் பழி, வேலையும் என்னிடமே.

நவம்பர் 10, செவ்வாய்.

மழை விட்டது. துப்பாக்கியை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். காடிக்குள் கறுப்பாக ஏதோ. ஊசியால் கிளறினால் அரக்கு! தபால் பைக்கு முத்திரை வைக்கிற அரக்கை உருக்கி ஊற்றி, மேலே கறுப்புச் சாயம். யாரோ செய்த இந்த ஒட்டுவேலைக்கா என் பெயர்? நாலு தரம் சுட்டால் சூட்டில் இளகிவிடும் என்று எந்தக் கொல்லனுக்கும் தெரியும்.

பக்கத்துக் கட்டிடத்து வக்கீல் குமாஸ்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணெதிரே சுரண்டிக் காகிதத்தில் மடித்து, இருவரும் கையெழுத்து.

இன்னொன்று. காடி தேய்ந்திருப்பது ஒரே பக்கம். முள் இடது பக்கம்தான் சாயும். இடது பக்கம் சாய்ந்தால் குண்டு வலது பக்கம் விலகும். முனிரத்தினம் எந்தப் பக்கம் நின்றார்?

என் மனைவி லோகு சாப்பாடு கொண்டுவந்தாள். "இன்னாங்க, தனியா பேசிக்கினு கீறீங்க? துன்னுட்டுப் பேசுங்க."

நவம்பர் 11, புதன். திருப்பதி.

காலை பஸ். ரேணிகுண்டா சாலைப் பக்கம் முனிரத்தினம் வீடு. வலது கை கழுத்தில் கட்டிய துணித் தூளியில். கண் உள்ளே போயிருக்கிறது. பக்கத்தில் மனைவி.

எந்தப் பலகை என்று கேட்டேன்.

"இடது கோடிண்ணா. காயிதம் ஒட்டிக்கினு இருந்தேன்."

"செவப்புக் கொடி?"

தூளியின் முடிச்சைத் தடவினார். மனைவிதான் சொன்னார்: "ஏன் முழுங்கற? சொல்லு. கொடி எறங்கவேயில்லண்ணா. மெட்ராசுலருந்து செக்ரட்டரியோட மருமவன் வந்திருந்தாரு. அவருக்கு வேடிக்கை காட்டறேன்னு செக்ரட்டரியே எடுத்துச் சுட்டாரு."

சிவப்புக் கொடி ஏறியிருந்தால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். அப்போது துப்பாக்கியைத் தொடவே கூடாது. அதை எழுதிச் சுவரில் மாட்டியவரே செயலாளர்தான்.

"நானே தலைய நீட்டிட்டேன்னு சொல்லுன்றாரு. இல்லன்னா வேலை கிடையாதாம்," என்றார் முனிரத்தினம்.

திரும்பும்போது பஸ்ஸில் ஆந்திரா, மெட்ராஸ் எல்லைப் பேச்சு. எந்த ஊர் இங்கே, எந்த ஊர் அங்கே. காதில் ஏறவில்லை.

நவம்பர் 12, வியாழன்.

வேலை. காடியைச் சுத்தம் செய்து ஓரத்தை நேராக ராவினேன். எஃகுத் துண்டில் புது முள். மூன்று தரம் பொருத்தி, மூன்று தரம் எடுத்து. கடைசியில் பித்தளைச் சுத்தியால் மெல்லத் தட்ட இறுகி உட்கார்ந்தது. கட்டை விரலால் அழுத்தினேன், அசையவில்லை.

இவருக்கு எதற்கு இவ்வளவு கச்சிதம் என்று கை ஒருமுறை நின்றது. கோபத்துக்காக அரைகுறை வேலை செய்தால் அவர் சொன்னது நிஜமாகிவிடும்.

நவம்பர் 14, சனி.

செயலாளர் வந்தார். முள்ளை ஆட்டிப் பார்த்தார். "இப்போ நல்லா இருக்கே. அப்பவே இப்படிச் செஞ்சிருந்தா?"

அரக்குப் பொட்டலத்தை எடுத்து வைத்தேன். குமாஸ்தா வந்து நின்றார். எந்தப் பக்கம் சாயும், குண்டு எந்தப் பக்கம் போகும், காகிதத்தில் வரைந்து காட்டினேன்.

"முனிரத்தினம் இடது பக்கம். முள்ளு ஆடினதால பட்டது இல்லீங்க. ஆள் இருக்கறப்ப சுட்டதால பட்டது."

முகம் வெளுத்தது. பிறகு இளித்தார். "சரி, உன் தப்பு இல்ல. அந்தக் காயிதத்தக் கிழிச்சிடலாம். இதோட விட்டுடு."

என்மேல் பழி போட்ட காகிதம் கிழிந்தது. முனிரத்தினத்தின் தோள்? அதைக் கேட்டேன்.

"அது உனக்கெதுக்கு?"

துப்பாக்கியைக் கொடுத்து, இந்த முறை ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கினேன்.

நவம்பர் 15, ஞாயிறு.

போலீசில் எழுதிக் கொடுக்கப் போவதை லோகுவிடம் சொன்னேன். லைசென்சு போனாலும் போகும் என்றேன். அரிசி களைந்துகொண்டே, "அந்தாளுக்கும் பொண்டாட்டி கீறா இல்ல? போயிட்டு வாங்க," என்றாள்.

நவம்பர் 16, திங்கள். திருப்பதி.

சொல்லி அனுப்பியிருந்தேன், ஆனாலும் முனிரத்தினம் வரமாட்டார் என்றே நினைத்தேன். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் எனக்கு முன்பே நின்றுகொண்டிருந்தார், மனைவியோடு.

எழுதிக்கொண்டவர் தெலுங்கில் கேட்டார். முனிரத்தினம் தெலுங்கிலேயே சொன்னார்: கொடி இறங்கவில்லை. நான் தலையை நீட்டவில்லை. சுட்டது செயலாளர். குரல் நடுங்கவில்லை. பொட்டலத்தையும் படத்தையும் நான் கொடுத்தேன். துப்பாக்கியை எடுத்துவர ஆள் அனுப்பினார்கள்.

"நீங்க இவருக்கு இன்னா வேணும்?" என்று என்னிடம் தமிழில் கேட்டார் எழுதியவர்.

நான் யோசிப்பதற்குள் முனிரத்தினம் சொன்னார்: "அண்ணா."

கையெழுத்துப் போட வலது கை தூக்க முடியாததால், இடது கைப் பெருவிரலை மையில் தோய்த்து வாக்குமூலத்தின் கீழே வைத்தார்.