அரிசி டிரம் சாவி

வாசலில் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. தறிக்குப் போன மலர்க்கொடி போனை எடுக்கவில்லை. பூபதி காலண்டர் தாளைக் கிழித்து, நின்றபடியே மனைவிக்கு எழுதினான்.

"மலரு, லோடுக்குப் போறேன். அரிசி டிரம் சாவி சாமி படத்துக்குப் பின்னால இருக்குது."

நேற்று வாயில் அரிசியோடு நின்ற மகளை அடித்துவிட்டு, டிரம்மைப் பூட்டியவன் அவன்தான். மலர்க்கொடி அழுதாளே தவிர, ஒன்றும் சொல்லவில்லை.

"பூட்டுனது" என்று ஆரம்பித்து, அந்தச் சொல்லைக் கோடு போட்டு அடித்துவிட்டுத் தொடர்ந்தான்.

"இன்னிக்கு அங்கன்வாடி டீச்சர் புள்ள கண்ணை இழுத்துப் பாத்தாங்க. ஒடம்புல ரத்தம் பத்தலைங்க, அதனாலதான் வெறும் அரிசிய மெல்லத் தோணுதுன்னாங்க. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. ஈரல் வறுத்து மூடி வெச்சிருக்கறேன். சாப்பிட்டதும் டீ குடுக்காத. போயிட்டு வாரேன்."

மறுபடியும் ஹாரன். வாசல்வரை போனவன் நின்று, திரும்பி வந்து டிரம்மைத் திறந்தான். அவன் இடுப்புயர டிரம்மில் அரிசி அடியில் கிடந்தது.

தாளின் ஓரத்தில் நெருக்கி எழுதினான்.

"இதுக்குள்ள புள்ள கை எட்டாது மலரு. நாளைக்கு நீயும் ரத்தம் பாத்துக்க."